பீடமும் மனிதனும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலுக்கும் உவர்நீர் ஏரிக்கும் இடையே அமைந்த பழவேற்காடு என்னும் ஊரை நம் கல்லூரி அன்பர் பலரும் அறிவர். பூநாரைக் கூட்டத்தைக் கண்டு களிக்கச் செல்வோரும், நண்டும் இறாலும் வாங்கி வரச் செல்வோரும் பலர். அவ்வூரிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தை நாடிச் செல்வோர் சிலரே. அச்சிலரோடு நாமும் சேர்ந்து அதன் வாயிலிற் சிறிது நின்று பார்ப்போமாக.

வாயிலின் இருமருங்கும் கல்லில் வடித்த எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மணற்கடிகையைத் தாங்கியுள்ளது. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இத்தகைய உருவங்களைக் கல்லறைகளிலும் ஓவியங்களிலும் அமைத்தல் பெருவழக்கு. காலம் மணல்போற் சொரிந்துகொண்டிருக்கிறது. காண்போனே, நீயும் ஒருநாள் இவ்வுருவே ஆவாய் என்பது அவற்றின் கருத்து. பட்டும் தோலும் நீங்கியபின் உயர்ந்தோன் எவன், தாழ்ந்தோன் எவன் என்று அவை வினவுகின்றன. எழுத்தறியாத சிறுவனும் இவ்வினாவைக் கண்ட மாத்திரத்தில் உணர்வான். மனித உருவத்திற்கு உள்ள வலிமை இதுவே. நம் உடம்பையே அதனிடத்துக் காண்கின்றோமாதலின், அதன் பேச்சை அறிய நமக்கு அகராதி வேண்டுவதில்லை.

வாயிலைக் கடந்து உட்சென்றாலோ வேறொரு பேச்சுக் கேட்கின்றது. அங்குள்ள கற்களில் குலச் சின்னங்கள் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்த மொழியில் பெயரும், பதவியும், பிறந்த நாளும், இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. செல்வர் சிலருக்கு ஓங்கிய கல்லறைகளும் உண்டு. 'எல்லோரும் ஒன்றே' என்று வாயில் கூறுகின்றது. 'எல்லோரும் ஒன்றல்லர்' என்று உள்ளிருக்கும் கற்கள் விடை பகர்கின்றன. ஒரே தோட்டத்தில், ஒரே காலத்துச் சிற்பிகள், ஒன்றற்கொன்று மாறுபட்ட இரண்டு கூற்றுக்களைக் கல்லில் எழுதி வைத்தனர்.

இனி, அத்தோட்டத்தில் கல்லே பெறாதவர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையை நிறுவினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்கள் வாணிகத்திற்கெல்லாம் பழவேற்காடே தலைநகர். இங்கிருந்து துணி சென்றது, வெடிமருந்து சென்றது, மக்களும் சென்றனர். பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்து விற்கப்பட்டோரும், பிடித்துக் கொணரப்பட்டோரும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பத்தேவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அத்துணியை நெய்தவர் பெயரோ, பொதிகளைக் கப்பலுக்கு ஏற்றியவர் பெயரோ, அக்கப்பலில் அடைக்கப்பட்டவர் பெயரோ அக்கல்லறைத் தோட்டத்தில் இல்லை. 1825-இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை அழிந்துவிட்டது. கல் வைத்துச் சென்றவர்களை இன்றும் அறிகின்றோம். கல் வையாதவர்களை அறியோம்.

இவ்வொரு காட்சியினின்று நாம் ஆராயப் புகுந்த பொருள் தெளிவாகும். மனித உருவச் சிலை எதுவும் அழகுக்காக மட்டும் நிற்பதில்லை. அது சமூகத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே நிற்கின்றது. அக்கூற்றை அறிய விரும்புவோர் எந்தச் சிலையின் முன்னும் நான்கு வினாக்களை எழுப்பலாம். யாருடைய உருவம் இது? அவ்வுருவம் எந்நிலையில் உள்ளது? எப்பொருளால் ஆயது? எவ்விடத்தில், எவ்வளவு உயரத்தில் நிறுத்தப்பட்டுள்ளது? இந்நான்கினையும் நம் நாட்டு மெய்யான எடுத்துக்காட்டுக்களைக் கொண்டு முறையே நோக்குவோம்.

யாருக்குக் கல்?

கல் நடுதல் தமிழருக்குப் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல்லின் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்களை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அவற்றுள் மிகப்பல அரசர்க்கு நட்டவை அல்ல. ஆநிரை காத்தும் ஊர் காத்தும் உயிர் நீத்த சாதாரண வீரர்க்கு நட்டவை. அரசன் பெயர் ஆண்டினைக் குறிப்பதற்கு மட்டும் வரும். கல்லில் உருவமாக நிற்பவன் ஊரான் ஒருவனே.

எடுத்தனூர் நடுகல் இன்னும் வியப்புக்குரியது. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட அக்கல்லில் வீரனுக்கு அருகே அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. தலைவன் வீழ்ந்தபின்னும் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டுக் கூறுகின்றது. நன்றி மறவாத ஓர் ஊர் நாய்க்கும் பெயரும் உருவமும் அளித்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகட்குப் பின், அதே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறிய மனிதருக்குப் பெயரும் இல்லை, உருவமும் இல்லை. சிற்பத்தின் முதற்கூற்று அது யாரைத் தெரிந்தெடுக்கின்றது என்பதில் அடங்கியிருத்தலை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல சான்று வேறு வேண்டுமோ?

நிற்பதும் குனிவதும்

இனி, உருவத்தின் நிலையை ஆராய்வோம். இதற்குப் பழவேற்காட்டினின்று சென்னைக்குச் செல்லுதல் வேண்டும்; ஏனெனில் நம் மாகாணத்தில் உழைப்பாளியைப் பீடத்தில் ஏற்றிய பெருஞ்சிற்பம் சென்னைக் கடற்கரையிலேதான் உள்ளது.

சென்னை நகருட் புகுவோர் தீவுத்திடலின் அருகே சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையைக் காண்பர். ஆங்கிலச் சிற்பி சான்ட்ரி வார்த்த இவ்வெண்கலச் சிலை 1839-இல் நிறுவப்பெற்றது. சேணமும் அங்கவடியும் இன்றி அமைந்த குதிரையின் மேல் கவர்னர் நிமிர்ந்து வீற்றிருக்கிறார். மன்றோ குடிகளிடம் பரிவுடையவர் என்று பெயர் பெற்றவர், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் அச்சிலையின் நிலை கூறுவது யாது? மேலிருப்பவன் ஆள்வான், கீழிருப்பவன் அண்ணாந்து பார்ப்பான். குதிரைமேல் அமர்ந்த உருவம் உலகம் முழுதும் இவ்வொன்றனையே சொல்லி வந்துள்ளது.

அங்கிருந்து சிறிது தெற்கே, கடற்கரைச் சாலையில், உழைப்பாளர் சிலை நிற்கின்றது. நால்வர் ஒரு பெரும்பாறையை நெம்பிப் பெயர்க்க முயல்கின்றனர். அரையில் துணியன்றி வேறு உடையில்லை. முதுகு வளைந்துள்ளது, கால் மண்ணில் ஊன்றியுள்ளது, தோளிலும் தொடையிலும் நரம்பு புடைத்து எழுகின்றது. நால்வருள் எவனும் நம்மைப் பார்க்கவில்லை. கவர்னரும் அரசரும் தம்மைக் காண வருவோரை நோக்கியிருப்பர். இவர்களுக்கோ பாறையினின்று கண்ணெடுக்க நேரமில்லை. தலைவன் எவன், தொண்டன் எவன் என்று பிரித்தறியவும் இயலாது. ஒருவன் கை நெகிழ்ந்தால் மற்ற மூவர்மேலும் பாறை சாயும் என்பது காண்போர்க்கு உடனே விளங்குகின்றது. ஒற்றுமை என்னும் சொல்லை எத்தனை மேடைகளிற் கேட்டிருப்போம்! இங்கே அச்சொல் எடையாக நிற்கின்றது.

இதனை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. 1899-இல் வங்காளத்தில் ரங்கபுரியைச் சார்ந்த தாஜ்ஹாட்டில் ஒரு ஜமீன் குடும்பத்திற் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929-இல் சென்னைக் கலை கைத்தொழிற் பாடசாலையின் தலைவராக அமர்ந்தார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஏறத்தாழ 28 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 1954-இல் லலித கலா அகாதெமியின் முதல் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1975-இல் மறைந்தார். அவர் தலைமை வகித்த பாடசாலை இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. உழைப்பாளர் சிலை 1959-இல், குடியரசு நாளை ஒட்டி, கடற்கரையில் நிறுவப்பெற்றது. அதன் மற்றொரு வடிவம் புதுதில்லியில் தேசிய நவீனக் கலைக் காட்சியகத்தில் உள்ளது. இவ்வுருவங்களுக்கு மாதிரியாக நின்றவர்களுள் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இருந்தனர் என்பர். தொழிலாளியின் உருவத்திற்குத் தொழிலாளியே மாதிரியாக நின்றது சாலப் பொருத்தமே.

ஆங்கிலத்தில் இச்சிலைக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள்படும் பெயர் உண்டு. ஆனால் உற்று நோக்குங்கள்: பாறை இன்னும் பெயரவில்லை! வெற்றியைக் காட்ட விரும்பிய வேறொரு சிற்பி, பாறையைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கைதூக்கி ஆரவாரிக்கும் நால்வரை வார்த்திருப்பான். ராய் சௌதுரி முயற்சியின் உச்சத்தில் நிறுத்திவிட்டார். வெற்றி வந்துவிட்டதென்று கூறியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். வாராதென்று கூறியிருந்தால் நம்பிக்கை அற்றிருக்கும். பாறை அசையுமோ அசையாதோ என்னும் அக்கணத்திலேயே அந்நால்வரும் அறுபது ஆண்டுகட்கு மேலாக நிற்கின்றனர்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் நினைவு கூர்தல் தகும். இதே சென்னைக் கடற்கரையில்தான் 1923-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், இந்தியாவின் முதல் மே தின விழாவைச் சிங்காரவேலர் நடத்தினார். அவர் 1860-இல் சென்னைக் கடற்கரை மீனவர் குலத்திற் பிறந்து, வழக்கறிஞராகி, தொழிலாளர்க்கு உழைத்தவர். உழைப்பாளர் சிலை நிற்கும் மணலுக்கு இங்ஙனம் ஒரு மீனவரின் அடிச்சுவடும் உண்டு.

வெண்கலமும் சரளைக் கல்லும்

மூன்றாவது வினா, பொருளைப் பற்றியது. வெண்கலம் நம் நாட்டில் தெய்வத் திருமேனிக்கு உரியது; ஆங்கிலேயர் வந்தபின் கவர்னர்க்கும் சேனாபதிகட்கும் உரியதாயிற்று. அதே வெண்கலத்தை அரைத்துணி உடுத்த கூலியாளுக்கு அளித்ததே ராய் சௌதுரியின் கூற்றுட் பாதி. பாட்னாவில் 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தலைமைச் செயலகத்தின்மீது கொடியேற்றச் சென்று குண்டடிபட்டு இறந்த ஏழு மாணவர்க்கும் அவர் வெண்கலத்தில் நினைவுச் சின்னம் வடித்தார். அது 1956-இல் திறக்கப்பெற்றது. அவருடைய தண்டி யாத்திரைச் சிற்பத்தை, 2016-இல் செல்லாதாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் நம்மவர் யாவரும் அறியாமலே கையில் வைத்திருந்தோம்.

இதற்கு நேர்மாறான வழியைச் சாந்திநிகேதனத்தில் ராம்கிங்கர் பைஜ் மேற்கொண்டார். 1938-இல் அவர் வடித்த 'சந்தால் குடும்பம்' சிமெண்டும் செம்பாறைச் சரளையும் கலந்து ஆக்கியது. தந்தை தோளிற் காவடி; காவடிக் கூடையில் ஒரு பிள்ளை; உடன் செல்லும் தாய்; கூடவே ஒரு நாய். வேலை தேடியோ வேற்றூருக்கோ செல்லும் பழங்குடிக் குடும்பம் அது. அவர்கள் கால் பதித்து நடக்கும் நிலத்தின் சரளையே அவர்களுடைய உடம்பாயிற்று. வெண்கலத்தைக் கொடுத்து ஏழையை உயர்த்துவது ஒரு முறை. ஏழையின் மண்ணையே சிற்பமாக்கி அம்மண்ணை உயர்த்துவது மற்றொரு முறை. இரண்டும் பொருளின் வாயிலாகப் பேசுகின்றன.

பீடத்தின் உயரம்

நான்காவது வினா மிகவும் நுட்பமானது. பலர் கவனியாது விடுவதும் இதுவே.

பிரான்சு நாட்டுத் துறைமுக நகராகிய கலேயை 1347-இல் ஆங்கிலேய அரசன் மூன்றாம் எட்வர்டு முற்றுகையிட்டு வென்றான். ஊரைக் காக்க ஆறு பெருமக்கள் தம் உயிரை ஈடாகக் கொடுக்க முன்வந்தனர். கழுத்திற் கயிற்றுடன் ஊர்த் திறவுகோலை ஏந்திச் சென்ற அவ்வறுவரையும் ரோதான் என்னும் சிற்பி வெண்கலத்தில் வடித்தார். அவர்கள் வீரர் போல மார்பு தட்டி நிற்கவில்லை. அச்சமும் துயரமும் உடைய மனிதராகவே நடக்கின்றனர். அவர்களை மக்களோடு மக்களாக, தாழ்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது ரோதானின் விருப்பம். 1895-இல் சிலையைத் திறந்தபோது அவ்விருப்பம் நிறைவேறவில்லை. உயர்ந்த பீடத்திலேயே ஏற்றினர். 1924-இல்தான் நகர மண்டபத்தின் முன்னே தாழ்ந்த பீடத்திற்கு இறக்கினர். ரோதான் 1917-இலேயே இறந்துவிட்டார். சில அடி உயரத்தைக் குறைக்கத் தலைமுறை ஒன்று கழிந்தது!

தரைக்கும் கீழே சென்ற சிற்பமும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள சான்சிபார்த் தீவு ஒரு காலத்தில் பெரிய அடிமைச் சந்தை. அச்சந்தை மூடப்பட்ட பின்னர் அவ்விடத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராலயம் எழுந்தது. அதன் அருகே 1998-இல் சுவீடன் நாட்டுப் பெண் சிற்பி கிளாரா சோர்னாஸ் அடிமைகளின் நினைவாகச் சிற்பம் ஒன்றை அமைத்தார். நிலத்தில் வெட்டிய ஒரு பள்ளம். அதனுள் ஐந்து மனித உருவங்கள். கழுத்துக்களைப் பிணைக்கும் சங்கிலி, உண்மையிலேயே அடிமைகளைப் பிணித்த பழஞ்சங்கிலி. காண வருவோர் அண்ணாந்து பார்ப்பதில்லை, குனிந்து பார்க்கின்றனர். அப்போதுதான் ஒன்று உறைக்கின்றது. சந்தையில் அடிமையைக் குனிந்து நோக்கி விலை பேசியவனும் இங்ஙனமே நின்றிருப்பான். காண்பவனையே அவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றது அச்சிற்பம். பீடம் மரியாதையைச் சொல்லும். பள்ளம் குற்றத்தைச் சொல்லும்.

சிலையும் வழக்கும்

சிலை வெறுங்கல் என்போரும் உளர். அவர்கள் சென்னையின் சரித்திரத்தை அறியாதவர் என்றே கூறல் வேண்டும். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்னும் படைத்தலைவனுக்கு மவுண்ட் ரோடில் ஒரு வெண்கலச் சிலை இருந்தது. 1927-இல் அதனை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். பத்து ஆண்டுகட்குப் பின், 1937-இல், அச்சிலை அகற்றப்பெற்றது. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வெறுங்கல்லுக்கும் வெறும் வெண்கலத்துக்குமாக எவரும் சிறை செல்லார். அச்சிலை கூறிய கூற்றை எதிர்த்தே அவர்கள் சென்றனர்.

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரீனாக் கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஔவை, கம்பர் முதலியோரோடு வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகிய மூவரும் அங்கே இடம் பெற்றனர். அவற்றுள் கண்ணகியின் சிலை மட்டும் வேறு வகையது. மற்றையோர் கற்று முடித்த அமைதியுடன் நிற்க, அவளோ கையிற் சிலம்புடன் நீதி கேட்டு நிற்கின்றாள். அரசவையை எதிர்த்து வழக்குரைத்த குடிமகளின் நிலை அது. 2001 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டபோது நாடெங்கும் எழுந்த வாக்குவாதம் பலர்க்கு நினைவிருக்கும். 2006 ஜூனில் அது மீண்டும் தன் இடத்தில் நிறுத்தப்பெற்றது. சிலை இருந்த காலத்தில் அதனைக் கவனியாது கடந்து சென்றவர்களும், வெற்றுப் பீடத்தைக் கண்டபின் அதனைப் பற்றிப் பேசலாயினர்.

எனினும் ஓர் எச்சரிக்கை. சிலை வைத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுதல் பெருந்தவறு. கல்லிற் செய்த உழைப்பாளிக்கு மாலை சூட்டிவிட்டு, உயிருள்ள உழைப்பாளியின் கூலியைக் குறைப்பவன் அச்சிலையை வணங்குகின்றவன் அல்லன். அதன் பின்னே ஒளிந்துகொள்கின்றவன். மேலும், எத்துணைச் சிறந்த சிலையும் சிலரைச் சேர்த்துச் சிலரை விடுகின்றது. உழைப்பாளர் சிலையின் நால்வரும் ஆடவர். நாற்று நடுபவளும், செங்கல் சுமப்பவளும், மீன் கூடை தாங்கிச் செல்பவளும் அப்பாறையின் அருகே இல்லை. இதனைக் கூறுவதால் ராய் சௌதுரியின் புகழ் குறைவதில்லை. அவர் தொடங்கிய வினாவைத் தொடர்ந்து கேட்கின்றோம், அவ்வளவே.

மீண்டும் ஏரிக்கரையில்

இந்நான்கு வினாக்களுடன் பழவேற்காட்டிற்கு மீள்வோம். அவ்வேரியின் மீனவர்க்கு ஒரு சிலை எழுப்புவதாயின் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும்?

ஆழமற்ற நீரில் கழியை ஊன்றி உடல் சாயப் படகைத் தள்ளும் மீனவனை வடிக்கலாம்; அவன் உடல்வளைவு, பாறை நெம்பும் நால்வரையும் ஒக்கும். ஆனால் அதனினும் சிறந்த உருவம் ஒன்று அக்கிராமங்களின் வாழ்விலேயே உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை வழங்குகின்றது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில. குறைவாகக் கிடைக்கும் இடங்கள் பல. வலியவன் நல்லிடத்தைக் கைப்பற்றாதபடி, ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்று முறை வகுத்துக்கொள்கின்றனர். இன்று நல்ல பாடு பெற்றவன் நாளை அதனைப் பிறர்க்கு விடுவான். நீரில் எல்லைக்கல் நடவியலாது. அவர்கள் நேரத்தையும் முறையையும் எல்லையாக்கினர். வட்டமாக அமர்ந்து சீட்டுக்குக் காத்திருக்கும் மனிதர், அவருள் மேலவன் கீழவன் இல்லை என்று காட்டும் ஒரு சிற்பத்தை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பீடமே வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வழகிய வட்டத்திற்கும் வெளிப்புறம் உண்டு. பாட்டு உரிமை அவ்வூர்ப் பட்டினவ ஆடவர்க்கே உரியது. பெண்டிர்க்கு அதில் இடமில்லை. அதே ஏரியை நம்பி வாழும் இருளர்க்கும் இடமில்லை. வட்டத்தை வடித்து வெளியே நிற்போரை விட்டுவிட்டால், ஒல்லாந்தரின் தோட்டத்தில் நாம் கண்ட குறை மீண்டும் நேரும். வாயிலில் ஒரு கூற்று, உள்ளே ஒரு கூற்று என்றாகிவிடும்.

அவ்விருளர் பெண்டிரின் தொழிலைக் கண்டோர் அறிவர். அவர்களிடம் படகில்லை, வலையில்லை. இடுப்பளவும் மார்பளவும் நீரில் இறங்கி, குனிந்தும் தவழ்ந்தும், சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிக்கின்றனர். பிடித்ததை இடுவதற்கு ஓலையாற் பின்னிய பறியைப் பல்லாற் கௌவிக்கொள்கின்றனர். இரண்டு கைகளும் நீரின் கீழ், வாயிற் பறி, ஆகையால் தொழில் செய்யும்போது பேசவும் இயலாது. வெயிலும், உவர்நீரும், காலிற் கிழிக்கும் சிப்பியும் அவர்கள் நாள்தோறும் கொடுக்கும் விலை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறைந்தாலும், ஏரியில் மாசு கலந்தாலும், முதலில் வெறும் பறியுடன் கரையேறுபவர் அவர்களே.

மாணவ நண்பர்களே! உங்களுள் எவரேனும் ஒருநாள் உளி ஏந்துவீராயின், அல்லது உளியேந்துவோர்க்குப் பொருள் அளிக்கும் நிலையை அடைவீராயின், இப்பெண்ணின் உருவத்தை நினைமின். ஆனால் அவளை எங்ஙனம் வடிப்பீர்? நிமிர்த்தி நிறுத்திக் கையிற் கூடை கொடுத்துப் பீடத்தில் ஏற்றினால் அழகாயிருக்கும். அவள் அவளாக இராள். உள்ளவாறே வடிப்பதாயின், நீர்மட்டத்திற்குமேல் தெரிவது குனிந்த முதுகும், ஒரு தலையும், பல்லிற் கௌவிய பறியும் மட்டுமே. உழைக்கும் கைகள் இரண்டும் காண்போர் கண்ணிற் படா. அவ்வுருவத்தை ஏரிக்குள்ளேயே, நீர் ஏறி இறங்கும் இடத்தில், அமைத்தல் வேண்டும். அதனைக் காண விரும்புவோர் கரையினின்று இறங்கிச் சேற்றிற் கால்வைத்துச் செல்லுதல் வேண்டும்.

அத்தகைய சிலை இன்னும் எழவில்லை. அதுவரையில் கல்லறை வாயிலின் எலும்புக்கூடு தன் மணற்கடிகையுடன் நிற்கும். அதன் வினாவுக்கு விடை கூற வேண்டியவர், கூப்பிடு தூரத்தில் ஏரிநீரிற் குனிந்து இறால் தேடுகின்றவளைக் கண்ணெடுத்துப் பாராமல் ஊர் திரும்பும் நாமே.